யாரும் தொடாம நடுங்குன சக்கரம்

பாப்பா,

நான் நல்லா இருக்கேன். மொதல் வரியிலயே எழுதிட்டேன், ஏன்னா போன்ல சொன்னா இப்பல்லாம் நீ நம்ப மாட்டேங்குற. "அப்பா, குரல் ஒரு மாதிரி இருக்குதே, மாத்திரை போட்டீங்களா"ன்னு கேக்குற, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள "சரிப்பா, மீட்டிங்கு"ன்னு வச்சிடுற. அதனாலதான் கடுதாசி. இத நீ பாதியில கட் பண்ண முடியாது. இன்னொண்ணு, இத ஒரு ஜெராக்ஸ் போட்டு நம்ம கோயில் வாசல் போர்டுல ஒட்டப் போறேன். வீடியோவ ஊரே பாத்துச்சில்ல, பதிலையும் ஊரே படிக்கட்டும். பங்குச் சாமியாருகிட்ட, அதான் நம்ம சாமிகிட்ட, கேட்டேன். சிரிச்சாரு, வேணாம்னு சொல்லல.

விஷயத்துக்கு வரேன். திருவிழா முடிஞ்ச வாரம் நமக்கு வாடகைக்கு வுட்டிருக்குற வூட்டுக்காரம்மா காலையில டேப்ப எடுத்துக்கிட்டு வந்து நம்ம முன் ரூம அளக்குறாங்க. நான் பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கிறேன். "என்னம்மா அளக்குறீங்க?"ன்னேன். "உங்க பொண்ணு ரோஸி போன் பண்ணுச்சிங்க. மாசக் கடைசியில காலி பண்ணிட்டு மெட்ராஸு போறீங்களாமே, அடுத்து வர்றவங்க பீரோ வைக்க எடம் எம்மாம் நீளம்னு கேட்டாங்க"ன்னாங்க. அப்புறம் கொஞ்சம் தயங்கிட்டு, "டிவிஎஸ் வண்டி சாவியையும் வாங்கி வச்சிக்கச் சொல்லுச்சிங்க, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னாங்க. வாயில நுரையோட நின்னேன் பாப்பா. என் வூட்ட நான் காலி பண்றேன்ற சேதி எனக்குத்தான் கடைசியா தெரியுது. சாவிய நான் குடுக்கல. அந்தம்மாவும் ரெண்டாவது தடவ கேக்கல, நல்ல மனுஷி. டேப்ப சுருட்டிக்கிட்டு, காபி போட்டு அனுப்பட்டுமான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

எல்லாம் அந்த வீடியோ பண்ண வேலை. திருவிழா அன்னிக்கு சாயங்காலம் தேருக்கு முன்னால கோயில் மைதானத்துல ரிமோட் கார் ரேஸு. அந்தக் கார நீதான் வாங்கிக் குடுத்த, மறந்துடாத. ரிட்டயர்டு ஆனப்புறம் கையில ஸ்டியரிங் இல்லாம நான் சோத்துத் தட்டத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாத்து, "இந்தாங்கப்பா, இத ஓட்டுங்க"ன்னு வெளையாட்டா ஒரு டப்பாவ நீட்டுன. நான் அத வெளையாட்டா எடுத்துக்கலன்றதுதான் இப்ப உன் கஷ்டம். அன்னிக்கு சாமி பச்சைக் கொடி ஆட்டுனாரு. எனக்கு முன்னால பொம்மை கம்பெனி கலியபெருமாள் கார் போவுது. மொதல் சுத்து சுத்தமாப் போனேன். ரெண்டாவது சுத்துல கார் வெடவெடன்னு ஆடுச்சி, படக்குன்னு இடப்பக்கம் இழுத்துச்சி, நான் வலப்பக்கம் முழுசாத் திருப்பியும் கேக்கல, நேரா மோர் பந்தலுக்குள்ள பூந்து அண்டா வச்சிருந்த ஸ்டூலு கால்ல அடிச்சி, அண்டா கவுந்து, கோயில் பங்குப் பேரவைத் தலைவரு சவரிமுத்துவோட புது பட்டு வேட்டி முழுக்க மோரு. கறிவேப்பிலை, பச்சமொளகாயோட. யாருக்கும் அடி இல்ல. அவரோட மானத்துக்குத்தான் கொஞ்சம் அடி.

எவனோ ஒருத்தன் அத படம் புடிச்சிருக்கான். கார் போறதப் புடிச்சவன், அப்புறம் என் கைய கிட்டத்துல போய்ப் புடிச்சிருக்கான். ரிமோட்டு புடிச்ச கை நடுங்குது. கீழ "பெருசு ரிட்டயர்டு ஆயிடு"ன்னு எழுத்து. அதப் பாத்துட்டு நீ முடிவு பண்ணிட்ட. அப்பாவுக்கு கை போயிடுச்சி, கார ஓட்ட முடியலன்னா டிவிஎஸ்ஸ எப்படி ஓட்டுவாரு, கேஸ் அடுப்ப எப்படி மூடுவாரு, தனியா எப்படி இருப்பாரு. ஒவ்வொண்ணா கோத்து வூட்டுக்காரம்மாவுக்கு போன் பண்ற வரைக்கும் போயிட்ட. நடுவுல எங்கயாவது ஒரு எடத்துல நின்னு, "அப்பா, கார் ஏன் இழுத்துச்சி?"ன்னு என்னைக் கேட்டியா? கேக்கல. மாப்ளகூட கேக்கல. மோருல நனைஞ்ச சவரிமுத்து மட்டும்தான் கேட்டாரு, அதுவும் கெட்ட வார்த்தையோட.

நான் காலமெல்லாம் பஸ்ஸு ஓட்டுனவன். விபத்துன்னா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். வண்டிய நகத்தக் கூடாது, ஒரு நெட்டு கூட கழட்டக் கூடாது. வண்டியச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்து பாத்து, பிரேக்கா, ஸ்டியரிங்கா, டிரைவரான்னு சொல்ற வரைக்கும் அப்படியே நிக்கணும். ஏன்னா இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் எல்லாருக்கும் டிரைவருதான் குத்தவாளி. பஸ்ஸுக்கு வாய் இல்ல, டிரைவருக்கு மூஞ்சி இருக்குது, திட்டறதுக்கு மூஞ்சிதான் தோது. அதனால அன்னிக்கே அந்தக் கார மோரு வாடையோட ஒரு துணியில சுத்தி பீரோ மேல வச்சிட்டேன். கலியபெருமாள் வந்து, "அண்ணே, குடுங்க, நான் பாத்துத் தரேன்"னான். தொடாதன்னுட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி எல்லார் முன்னாலயும் பிரிக்கிறேன்னு சொல்லி அனுப்பிட்டேன். எங்க மானம் போச்சோ அங்கதான பரிசோதனை நடக்கணும்?

உனக்கு கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸு ஞாபகம் இருக்குதா? நீ அப்ப ரெட்டை சடை போட்டுக்கிட்டு ஸ்கூலு போய்க்கிட்டிருந்த. கருவேப்பிலங்குறிச்சி தாண்டி வளைவுல என் பஸ்ஸு கரும்புக் கொல்லையில எறங்கிடுச்சி. ஸ்டியரிங் கையில சுத்துது, சக்கரம் திரும்பல. டெப்போவுல அன்னிக்கே என்னை வேலைய விட்டு நிறுத்தி வச்சாங்க. தண்ணி போட்டிருந்தான், தூங்கிட்டான்னு ஆளாளுக்கு ஒண்ணு. நான் வூட்ட விட்டு வெளிய வரல. அப்ப ஸ்கூலுல ஒரு பொண்ணு, "உங்கப்பா பஸ்ஸ கவுத்துட்டாரு"ன்னு சொன்னதுக்கு நீ ஜாமெட்ரி பாக்ஸால அது மண்டையில ஒண்ணு போட்டுட்ட. சிஸ்டர் என்னைக் கூப்புட்டு வுட்டாங்க. நீ சுவத்த ஒட்டி நின்னுக்கிட்டு, அழாம, "எங்கப்பா கவுக்கல சிஸ்டர், ஸ்டியரிங் கட்டாயிடுச்சி"ன்ன. இன்ஸ்பெக்டர் அப்ப இன்னும் வரவே இல்ல பாப்பா. சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் சேக்குற ராடு முனை தேஞ்சி முறிஞ்சிருக்குதுன்னு அவரு எழுதுனது அதுக்கு அப்புறம்தான். நீ எந்தக் காகிதத்தையும் பாக்காம என்னை நம்புன. அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன், உன்னை ரெண்டு திட்டு திட்டுனேன், ஆனா வர்ற வழி முச்சூடும் எனக்கு கால் தரையில படல. இப்ப அதே நீதான் ஒரு வீடியோவப் பாத்துட்டு என் வூட்ட அளக்க ஆளு அனுப்பிட்ட. கோவம் வருதா இல்லையான்னு நீயே சொல்லு.

சரி, ஞாயித்துக்கெழம என்ன நடந்துச்சின்னு கேளு. பூசை முடிஞ்சி சனம் வெளிய வருது. கோயில் வாசப்படிக்குப் பக்கத்துல பெஞ்சு போட்டு அதுமேல நியூஸ் பேப்பர் விரிச்சி கார வச்சேன். அடியில ஒரு செங்கல்ல முட்டுக் குடுத்து நாலு சக்கரமும் அந்தரத்துல நிக்கிற மாதிரி பண்ணேன். சவரிமுத்து வேற வேட்டியில வந்து மொதல் ஆளா நின்னாரு. சாமியும் அங்கிய மாத்திட்டு வந்தாரு. "தலைவரே, என் கைதான் நடுங்குச்சின்னு சொன்னீங்கல்ல, பாருங்க"ன்னு சொல்லி, கார் சுவிட்சப் போட்டு, ரிமோட்ட பெஞ்சு மேல படுக்க வச்சிட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன்.

முன்சக்கரம் ரெண்டும் வெடவெடன்னு நடுங்குது. யாரும் தொடல. குளுருல நனைஞ்ச கோழியாட்டம் அதுபாட்டுக்கு நடுங்குது, திடீர்னு இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுது, மறுபடியும் நடுங்குது. சனம் சிரிச்சிது. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சி, மறைக்கறதுக்காக கண்ணாடியத் தொடச்சேன். சவரிமுத்து அப்பவும் வுடல. "ரிமோட்டு கெட்டுப் போயிருக்கும். பேட்டரி எறங்கியிருக்கும். உங்க கைதான் காரணம் இல்லன்னு எப்படி சொல்றது?"ன்னாரு. நியாயமான கேள்விதான், அதுக்காக அவர மெச்சணும். நான் கழட்ட ஆரம்பிச்சேன்.

நீயும் கேட்டுக்க, எப்பவாவது ஒதவும். கார் ஒரு பக்கமா இழுத்தா நம்ம பசங்க ஒடனே சர்வோவ மாத்து, சர்வோவ மாத்துன்னு குதிப்பானுங்க. சர்வோன்றது ஸ்டியரிங்கத் திருப்புற தீப்பெட்டி சைஸு மோட்டார் டப்பா, வேற ஒண்ணும் இல்ல. அத மாத்துறது சுலபம், அதனாலதான் எல்லாருக்கும் மொதல்ல அதுமேலயே கண்ணு போவுது. நான் அப்படிப் பண்ண மாட்டேன். எது கெட்டுப் போச்சின்னு தேடறதுக்கு முன்னால எதெல்லாம் நல்லா இருக்குதுன்னு ஒவ்வொண்ணா ஒதுக்கி வச்சிக்கிட்டே வருவேன். ரிமோட்டுல சக்கரத்த நேரா நிறுத்துற சின்ன திருகு ஒண்ணு இருக்குது, கூட்டத்துல எவன் மேலயாவது ஒரசி அது திரும்பியிருந்தா கார் ஒரு பக்கமாவே போவும். பாத்தேன், நடுவுலதான் இருந்துச்சி. பேட்டரி எறங்குனாலும் சர்வோ இப்படித்தான் கூத்தாடும். சார்ஜு ஏத்துன புது பேட்டரியப் போட்டேன், அப்பவும் நடுக்கம் நிக்கல. அப்புறம் சர்வோவையும் சக்கரத்தையும் சேக்குற கம்பியக் கழட்டி வுட்டுட்டு சக்கரத்தக் கையால ஆட்டிப் பாத்தேன். எங்கயும் புடிக்கல, வெண்ணெயாட்டம் ரெண்டு பக்கமும் போய் வருது. சக்கரம் நிக்குது, கம்பி நிக்குது, சர்வோ தலையில இருக்குற பிளாஸ்டிக் கொம்பு மட்டும் தனியா துடிக்குது. அதுக்கு ஹார்ன்னுதான் பேரு. இத்தன வருஷம் ஹார்ன் அடிச்சவன், சத்தமே வராத ஹார்ன இப்பத்தான் பாக்குறேன்னேன், சாமி விழுந்து விழுந்து சிரிச்சாரு.

ஆனா ரிமோட்டு மேல சவரிமுத்துவுக்கு இருந்த சந்தேகம் தீரல. கலியபெருமாள் கார்லேருந்து சர்வோவக் கழட்டி என் கார் ஒயர்ல சொருவுனேன். என் ரிமோட்டு, என் பேட்டரி, அவன் சர்வோ. கொம்பு கப்சிப்புன்னு நின்னுடுச்சி. நானே ரிமோட்ட எடுத்துத் திருப்புனேன், இதே கையால. வலப்பக்கம் திருப்புனா வலப்பக்கம், இடப்பக்கம் திருப்புனா இடப்பக்கம், வுட்டா நடுவுக்கு வந்து நிக்குது. "தலைவரே, போதுமா?"ன்னேன். அவரு தலைய ஆட்டுனாரு. அந்த மனுஷன் வாயத் தொறக்காம தலைய மட்டும் ஆட்டி நான் பாத்ததே இல்ல.

அத்தோட நிறுத்தியிருக்கலாம். ஆனா என் சர்வோ ஏன் கெட்டுச்சின்னு எனக்குத் தெரிஞ்சாவணும். நாலு திருகையும் கழட்டி மூடியத் தூக்குனேன். உள்ள பல்லுச்சக்கரத்துல கிரீஸே இல்ல. வெள்ளையா மாவு கொட்டுது. "பீங்கான் தூசி"ன்னான் பின்னால ஒருத்தன். பீங்கான் கம்பெனிங்க இருக்குற நம்ம ஊருல அது எங்க இல்ல, வேப்ப எலையில கூட இருக்குது. நானும் அப்படித்தான் நெனச்சேன். வெரல்ல எடுத்துத் தேச்சுப் பாத்தா நறநறன்னு இல்ல, வழவழன்னு வழுக்குது. நிமுந்து பாக்குறேன், கலியபெருமாள் மூஞ்சி வெளுத்துப் போய் நிக்கிறான்.

கலியபெருமாள உனக்குத் தெரியும், பீங்கான் பொம்மை கம்பெனியில பிளாஸ்டர் அச்சுல மண்கூழு ஊத்துறவன். அச்சுல மண்ணு ஒட்டாம பொம்மை சுளுவா கழண்டு வரணும்னு கூழு ஊத்தறதுக்கு முன்னால உள்ள கொஞ்சம் டால்க் பவுடர தட்டுவாங்க. திருவிழாவுக்கு முந்தின நாளு என் கார் ஸ்டியரிங் கொஞ்சம் எறுக்கமா இருக்குதுன்னு நான் அவன்கிட்ட பேச்சுவாக்குல சொல்லியிருக்கேன். அவனே ஒப்புக்கிட்டான், நான் தேரு ஜோடிக்கப் போன நேரத்துல இவன் என் வூட்டுக்கு வந்து கார எடுத்து, சர்வோவத் தொறந்து, இருந்த கிரீஸையெல்லாம் பெட்ரோல்ல கழுவிட்டு, அச்சுக்குத் தட்டுற மாதிரி பவுடரத் தட்டி மூடிட்டான். அண்ணன் நாளைக்கு ஜெயிக்கணும்னு. அந்தப் பவுடரு உள்ள, சக்கரம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு சர்வோவுக்குச் சேதி சொல்ற எடத்துக்குப் போயிடுச்சி. அப்புறம் அதுக்கு நடுவு எதுன்னே தெரியல, தேடித் தேடி நடுங்குது. "அண்ணே, இதனாலன்னு நெசமா எனக்குத் தெரியாதுண்ணே. ஊரே உங்க கையச் சொன்னப்ப நானும் கைதான்னு நெனச்சிட்டேண்ணே"ன்னு அழுவுறான். "ஏன்யா, சர்வோ உள்ள என்ன பொம்மையா சுடப் போற?"ன்னு கேட்டேன். சனம் எல்லாம் கொல்லுன்னு சிரிச்சிது, அவனும் அழுதுக்கிட்டே சிரிச்சான்.

அவன் மேல எனக்குக் கோவம் இல்ல பாப்பா. பாசத்துல பண்ணான். ஆனா என்னைக் கேக்காம பண்ணான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வேணாண்டா, பழைய கிரீஸத் தொடச்சிட்டு புதுசு கொஞ்சம் வச்சா போதும்னு சொல்லியிருப்பேன். நீயும் அதத்தான் பண்ணியிருக்க. பாசம் இல்லன்னு நான் சொல்லல. உங்கம்மா போனப்புறம் ராத்திரி எத்தினி தடவ என்னை நெனச்சி முழிச்சிருப்பன்னு எனக்குத் தெரியாதா? ஆனா என் வூட்ட, என் வண்டிய, என் மீதி நாள, என்னைக் கேக்காம தொறந்து பவுடரு தட்டி மூடுற உரிமைய நான் யாருக்கும் குடுக்கல. உனக்கும் குடுக்கல.

இப்ப நீ சொல்லப் போறதும் எனக்குத் தெரியும். "வீடியோவுல உங்க கை நடுங்குச்சே, அது பொய்யா?"ன்னு கேப்ப. பொய் இல்ல. கை நடுங்குது. சட்டை பொத்தான் போட முன்னவுட நேரம் ஆவுது, டம்ளர் நெறைய காபி வாங்குனா சட்டையில சிந்துது. உன்கிட்ட சொல்லல, ஏன்னா சொன்னா நீ டேப்ப அனுப்புவன்னு எனக்குத் தெரியும், அதே மாதிரி அனுப்பிட்ட. போன வாரம் நானே டிவிஎஸ்ஸுல போய் டாக்டரப் பாத்தேன். வயசுல சில பேருக்கு வர்ற நடுக்கம்தான், பெரிசா பயப்படறதுக்கு இல்லன்னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. வண்டி ஓட்டலாமான்னு கேட்டேன். இருட்டுனப்புறம் வேணாம், ஹைவேஸு பக்கம் வேணாம், டவுனுக்குள்ள மெதுவா போங்கன்னாரு. சரின்னுட்டேன். சொன்ன பேச்சக் கேக்காதவன் இல்ல நான். யாரு சொல்றாங்க, என்னைப் பாத்துச் சொல்றாங்களா, வீடியோவப் பாத்துச் சொல்றாங்களான்றதுதான் எனக்குக் கணக்கு. கை நடுங்குறது ஒரு விஷயம், கார் இழுத்தது வேற விஷயம். ரெண்டையும் நீ ஒண்ணாக் கட்டி என் தலையில வச்சிட்ட.

அதனால முடிவாச் சொல்றேன். மாசக் கடைசியில நீ டெம்போ அனுப்புனா டிரைவருக்கு டீ வாங்கிக் குடுத்து திருப்பி அனுப்பிடுவேன், ஸ்டியரிங் புடிக்கிறவன் எல்லாம் நம்ம ஜாதி, அவர்கிட்ட எனக்குச் சண்டை இல்ல. வூட்டுக்காரம்மாகிட்ட, நான் எங்கயும் போவலன்னு நேத்து போய்ச் சொல்லிட்டேன். அந்தம்மாவுக்கு சந்தோசம்தான், புதுசா வர்றவங்க நாய் வளக்குறவங்களாம். புது சர்வோ வாங்கிப் போட்டாச்சி. அடுத்த ரேஸுல சவரிமுத்துவும் கலந்துக்குறாரு, ஒரு கார் வாங்கித் தரச் சொல்லி என்னை நச்சரிக்கிறாரு. உன் வூட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லல. கிறிஸ்மஸுக்கு வருவேன், பத்து நாள் தங்குவேன், மாப்ளகூட கேரம் ஆடுவேன், உன் கொழம்புல உப்பு கம்மின்னு சொல்லுவேன், அப்புறம் பஸ்ஸு ஏறி என் வூட்டுக்கு வந்துடுவேன்.

ஒரு நாளு என் கை நெசமாவே போயிடும் பாப்பா. அது எனக்குத் தெரியும். அடுப்ப மூட முடியல, சாவிய பூட்டுல சொருவ முடியலன்ற நாளு வரும். அன்னிக்கு அத உனக்கு மொதல்ல சொல்ற ஆளு நானாத்தான் இருப்பேன். நானே போன் பண்ணி, "வந்து கூட்டிக்கிட்டுப் போம்மா"ன்னு கேப்பேன். அப்ப மட்டும், மீட்டிங்குன்னு வச்சிடாத.

உன் அப்பா